ஆற்றங்கரைக் கல்லும் பாயின் கரையும்

கோரைப்பாய்ச் சாயப் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு வேலை கொடுப்பேன். வீட்டு அம்மியைப் பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்த்து, அதில் எத்தனை நிறம் இருக்கிறது என்று எழுதி வர வேண்டும். பெரும்பாலோர் 'கறுப்பு' என்ற ஒரே சொல்லோடு திரும்புவார்கள். மறுபடியும் அனுப்புவேன். இரண்டாம் முறை சாம்பல், பாசிப் பச்சை, துருப் பழுப்பு, மங்கிய நீலம் என்று சொற்கள் வரத் தொடங்கும். நாம் பொத்தாம்பொதுவாகக் கருங்கல் என்று சொல்வதில் ஒரு வகை சார்னோக்கைட். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அது நிறைய உண்டு. அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற தாதுவின் துணுக்குகளில் நீலம் பாய்ந்திருக்கும். ஃபெல்ட்ஸ்பார் என்ற இன்னொரு தாது எண்ணெய் தடவியது போலப் பச்சை காட்டும்.

பத்தமடைப் பக்கத்தில் கோரைப்பாயும் பைகளும் நெய்யும் பெண்களுக்குச் சாயம் போடவும் நிறம் சேர்க்கவும் சொல்லிக்கொடுப்பது என் தொழில். புது நிறம் வேண்டும் என்றால் எல்லோரும் கைபேசியைத் திறக்கிறார்கள். அதில் கிடைப்பதோ அரக்கும் கிளிப்பச்சையும், நீலமும் ரோஜாவும். ஊர் முழுக்க அதே ஜோடிதான். இரண்டு நிறத்தையும் சரிபாதியாகப் போட்டு அடுத்தடுத்து நிறுத்துவதுதான் பெரிய தவறு என்பது என் கட்சி.

ஆற்றுக் கல் இந்த இடத்தில்தான் உதவுகிறது. கோடையில் தாமிரபரணி வற்றும்போது தலைகாட்டும் வரிப்பாறையைப் பாருங்கள். வெள்ளை வரியில் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், கறுத்த வரியில் பயோடைட், ஹார்ன்பிளெண்ட் என்ற கறுத்த தாதுக்களும் இருக்கும். சில கற்களில் இளஞ்சிவப்புப் பட்டை ஓடும், சிலவற்றில் மல்லி விதை அளவில் கார்னெட் என்ற தாது சிவந்து நிற்கும். அந்தச் சிவப்பு முழுக் கல்லில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆனாலும் கண் நேராக அங்கேதான் போகும். வரிகளும் ஒரே அகலத்தில் வருவதில்லை. தடித்த சாம்பலை ஒட்டி மயிரிழை வெள்ளை, பிறகு ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு, மறுபடியும் சாம்பல்.

இதைத் தறிக்குக் கொண்டுவர ஒரு எளிய வழி உண்டு. கல்லின் குறுக்கே பத்து சென்டிமீட்டர் அளவுகோலை வைத்து, எந்த நிறம் எத்தனை மில்லிமீட்டர் என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். தபால் அட்டை ஒன்றில் அதே கணக்கில் சாயக் கோரையைச் சுற்றுங்கள். அட்டையைச் சுவரில் சாய்த்து நாலடி தள்ளி நின்று பாருங்கள். பிடித்தால் அதே கணக்கில் ஊடை, அதாவது தறியில் குறுக்கே ஓட்டும் கோரை. பிடிக்காவிட்டால் வீணானது ஒரு பிடிக் கோரைதான்.

நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். நனைந்த கூழாங்கல்லின் கறுநீலத்தில் மயங்கி, அந்தப் படத்தை வைத்தே ஒரு கடைக்கு நாற்பது பைகளுக்கு ஒப்புக்கொண்டேன். பைகளை நெய்து முடித்து அனுப்பியதும், படத்தில் காட்டிய நிறம் இது இல்லை என்று பாதியைத் திருப்பிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. காய்ந்த கல்லின் சொரசொரப்பு ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் நிறம் வெளுத்துத் தெரியும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பிச் சிதறலைக் குறைப்பதால் நிறம் ஆழமாகிறது. காய்ந்த கோரைக்கு அந்த ஆழம் வராது. ஆகவே கல்லை உலரவிட்டு, நிழலில், வெறுங்கண்ணால் பார்த்தே நிறம் குறியுங்கள். போதாததற்குக் கோரையின் சொந்த நிறம் வைக்கோல் மஞ்சள். நீலச் சாயம் அதன்மேல் ஏறினால் பச்சைப் பக்கம் சாயும். முன்பு பதிமுகக் கட்டையில் எடுத்த சிவப்பு கோரையில் அவ்வளவு இசைவாக உட்கார்ந்ததற்கு அந்த மஞ்சளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கல்லைப் பாருங்கள், அளந்துகொள்ளுங்கள், இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். பாபநாசத்துக்கு மேலேயுள்ள காடு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு கூழாங்கல்லும் கைப்பையில் வரக் கூடாது. கோயில் தூணின் நிறம் தெரிய எண்ணெய் தடவிப் பார்க்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், எரிச்சலாக வரும். இணையத்தில் விற்கும் பளபளப்பான ஊதா, ரோஜா நிற அகேட் கல் வில்லைகளையும் இயற்கை நிறம் என்று நம்பி மாதிரியாக வைக்காதீர்கள். அந்தக் கல் சாயம் குடிக்கும். கடைக்கு வருவதில் பல சாயம் ஏற்றியவை.

அம்மியின் அந்த நீலம் பாய்ந்த சாம்பல் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கறுப்பைக் குறைத்துப் போட்டால் அழுக்காகிறது, சிவப்பையும் பச்சையையும் கலந்தால் பழுப்பில் போய் நிற்கிறது. கோரையை விட்டுவிட்டு, நெடுக்கே ஓடும் பாவு நூலை நீலமாக்கிப் பார்க்கலாமே என்று ஒரு அக்கா கேட்டார். இருபது வருடமாக நெய்கிறவர். நேற்று பாவு ஓட்டியிருக்கிறோம்.