"வேர்தானே, என்ன செய்துவிடும்?"

போன மாதம் மறுபடியும் ஒரு குழந்தை. நான்கு வயது. இப்படி ஒரு கல்லீரல் இந்த ஆண்டில் என் மேசைக்கு வருவது இது மூன்றாவது முறை. அன்றைக்கு ரிப்போர்ட்டை எழுதி முடித்த பிறகும் வீட்டுக்குக் கிளம்ப மனம் வரவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் பேத்தாலஜிஸ்ட், அதாவது உறுப்புகளையும் திசுக்களையும் சோதித்து நோயைக் கண்டறியும் டாக்டர். மதுரையில் படித்துவிட்டு, பதினோரு ஆண்டுகளாகத் தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். அந்தக் குழந்தை யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

குழந்தைக்கு இரண்டு நாளாக வயிற்று வலி. மறுநாள் வாந்தி. அப்புறம் ஆளை அடையாளம் தெரியாத மயக்கம், வலிப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது ரத்தச் சர்க்கரை 1.1 மில்லிமோல். நம் ஊர்க் கணக்கில் வெறும் 20. குளுக்கோஸ் ஏற்ற ஏற்ற மறுபடியும் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. சிறுநீர் நின்றுவிட்டது. இரண்டாம் நாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்தது. "நாட்டு மருந்து ஏதாவது கொடுத்தீர்களா?" என்ற கேள்விக்கு எதிரே கேஸ் ஷீட்டில் "இல்லை" என்று எழுதியிருந்தது.

கல்லீரலை அறுத்துப் பார்த்தபோதே சந்தேகம் வந்துவிட்டது. மெத்தென்று, மஞ்சளும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. ஸ்லைடில் பார்த்தால், கல்லீரலின் ஒவ்வொரு சிறு கூறிலும் நடு ரத்தக்குழாயைச் சுற்றியிருந்த செல்கள் மொத்தமாக இறந்து கிடந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு வளையம் போல உயிருள்ள செல்கள். அழற்சி செல்கள் மிகக் குறைவு. வைரஸ் கிருமியால் வரும் மஞ்சள் காமாலையாக இருந்தால் அவை கூட்டமாக வந்து நிற்கும். சிறுநீரகத்தில் நுண்குழாய்களின் செல்களும் செத்துப்போயிருந்தன. சர்க்கரை இறக்கம், கல்லீரல், சிறுநீரகம் என மூன்றும் சேர்ந்து வந்தால் இந்த மாகாணத்தில் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரே பெயர்தான்: இம்பிலா என்ற நாட்டு மருந்துக் கிழங்கு.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்லைடு விஷத்தின் பெயரைச் சொல்லாது. பாராசிட்டமால் மாத்திரை அளவுக்கு மீறி உள்ளே போனாலும் கல்லீரல் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். ரத்த அழுத்தம் விழுந்து நெடுநேரம் அப்படியே கிடந்தாலும் இதே இடத்தில்தான் செல்கள் சாகும். சேதம் எங்கே, எவ்வளவு என்பதை மைக்ராஸ்கோப் காட்டும். எதனால் என்பதை வீட்டில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் குழந்தையின் பாட்டியை வரச் சொன்னேன். இங்கே பாட்டியைக் கோகோ என்பார்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எதையும் கேட்கவில்லை. என்னை வளர்த்ததும் ஒரு பாட்டிதான் என்று சொன்னேன். வயிறு உப்பினால் வசம்பைச் சுட்டு உரைத்து நாக்கில் தடவுவார், அதன் பெயரைக்கூடச் சொல்லமாட்டார், 'பேர் சொல்லா மருந்து' என்பார் என்றேன். நர்ஸ் அதை ஜூலுவில் சொல்லச் சொல்ல அவர் கைப்பையைத் திறந்தார். உள்ளே செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலம். அதில் விரல் தடிமனில், பழுப்பாகச் சுருங்கிய நான்கு கிழங்குத் துண்டுகள். சந்தையில் வாங்கியிருக்கிறார். வேகவைத்து, ஆறவைத்து, ரப்பர் பல்பால் எனிமாவாகக் கொடுத்திருக்கிறார். "ஆஸ்பத்திரியில் ஏன் சொல்லவில்லை, கோகோ?" என்று கேட்டேன். "போன தடவை சொன்னேன். அந்த நர்ஸ் எல்லாருக்கும் முன்னால் என்னைத் திட்டினாள்" என்றார்.

இம்பிலா என்றால் ஜூலு மொழியில் ஆரோக்கியம். செடி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த கலிலெபிஸ் லோரியோலா. இங்குள்ள புல்வெளிகளில் கறுத்த நடுவும் வெள்ளை இதழ்களுமாகப் பார்க்க அழகாகப் பூக்கும். வயிற்றுக் கோளாறு, குடற்புழு, இருமல், குழந்தையின்மை, செய்வினையை விரட்டுவது என்று அதன் கிழங்குக்குப் பல உபயோகங்கள். அதிலுள்ள அட்ராக்டிலோசைடு என்ற நச்சு, செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் சக்திப் பரிமாற்ற வாசலை அடைத்துவிடும். இன்றுவரை இதற்கு முறிவு மருந்து கிடையாது.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. 1977-இலேயே வெயின்ரைட், ஷான்லேண்ட் என்ற ஆய்வாளர்கள் நட்டாலில் நச்சுக் கல்லீரல் அழற்சியால் இறந்தவர்களைப் பற்றி எழுதி, இந்தக் கிழங்கோடு தொடர்புபடுத்தினார்கள். 1979-இல் வாட்சன், கோவாடியா, பூலா மூவரும் குழந்தைகளிடம் இது எப்படி வெளிப்படும் என்பதை விவரித்தார்கள். அந்தக் கோவாடியாதான், தாயிடமிருந்து சேய்க்கு எச்ஐவி பரவுவது பற்றிய ஆய்வுகளால் பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட ஹூசென் கோவாடியா. கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகளாகத் தெரிந்த விஷயத்தை நான் இன்னும் குழந்தைகளின் கல்லீரலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஆறாதது அதுதான்.

சரி, என்னை மிகவும் எரிச்சல்படுத்தும் பேச்சுக்கு வருகிறேன். "இயற்கையானதுதானே, வேர்தானே, என்ன செய்துவிடும்? தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்ததுதானே?" இதை இங்கே டர்பன் நகரத்திலும் கேட்கிறேன், ஊருக்கு வரும்போது சொந்தக்காரர்கள் வாயிலும் கேட்கிறேன்.

முதலில் இயற்கை. ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் தமிழ்நாட்டின் மாநில மலரும் ஒன்றுதான், செங்காந்தள். அதன் கிழங்கு இயற்கையாகத்தான் மண்ணுக்குள் விளைகிறது. அதைத் தின்றால் அதிலுள்ள கோல்ச்சிசின் என்ற நச்சு, செல்கள் பிரிவதைப் பாதியிலேயே நிறுத்திவிடும். அப்படி இறந்தவர்களின் குடலை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறேன். பிரியத் தொடங்கிய செல்கள் குரோமோசோம்களைக் கையில் பிடித்தபடி அப்படியே உறைந்து நிற்கும். செடி தன்னை ஆடும் மாடும் பூச்சியும் தின்றுவிடாமல் காத்துக்கொள்ளத்தான் இந்த ரசாயனங்களைச் செய்கிறது. நம் நோயைத் தீர்ப்பது அதன் வேலை இல்லை.

அடுத்து தலைமுறைக் கணக்கு. இதைக் கொஞ்சம் பொறுமையாக யோசித்துப் பாருங்கள். ஒரு மருந்தைக் குடித்த பத்து நிமிடத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால் ஊரே அதை நினைவில் வைத்துக்கொள்ளும். யாரும் மறுபடி அதைத் தொடமாட்டார்கள். அந்த அளவுக்குத் தலைமுறை அறிவு உண்மையானது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் இரண்டு நாள் கழித்துச் செத்தால்? ஏற்கெனவே வயிற்று வலி இருந்த குழந்தைதானே, நோய்தான் கொண்டுபோனது என்பார்கள். இருபது பேர் குடித்து ஒருவர் செத்தால், மீதிப் பத்தொன்பது பேரும் அந்த மருந்துக்குச் சாட்சி சொல்வார்கள். செத்தவர் எழுந்து வந்து சாட்சி சொல்ல முடியாது. மாதக் கணக்கில் மெதுவாகக் கல்லீரலைச் சுருக்கும் செடிகளும் உண்டு. தென்னாப்பிரிக்காவிலேயே 1920-இல், கோதுமையோடு கலந்துவிட்ட செனேசியோ செடியால் ரொட்டி சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் சுருக்கம் வந்ததைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அதே செனேசியோ இனச் செடிகள் இன்றும் மருந்தாக விற்பனையாகின்றன. சோர்வும் வயிறு வீங்குவதும் மாதங்கள் கழித்து வந்தால், அதை எந்தப் பாட்டி அந்தக் கஷாயத்தோடு சேர்த்துப் பார்ப்பார்?

அந்தத் தலைமுறை மருந்தும் இன்றைய மருந்தும் ஒன்றா என்றும் பாருங்கள். அந்தக் காலத்தில் இன்யாங்கா, அதாவது மூலிகை வைத்தியர், தானே காட்டுக்குப் போய்த் தோண்டி, ஆளைப் பார்த்து அளவு சொல்வார். இன்று டர்பன் வார்விக் ஜங்ஷன் பாலத்தின் மேலுள்ள மூலிகைச் சந்தையில் போய் நில்லுங்கள். வரிசையாகக் கடைகள், சாக்கு சாக்காக வேர்களும் பட்டைகளும். தோண்டியவர் ஒருவர், லாரியில் ஏற்றியவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர். காய்ந்து நறுக்கிய பிறகு ஒரு கிழங்குக்கும் இன்னொன்றுக்கும் எனக்கே வித்தியாசம் தெரிவதில்லை. அங்கே எனக்குப் பழக்கமான வயதான இன்யாங்கா ஒருவர், "இம்பிலாவைக் குழந்தைக்குக் கொடுக்கும் ஆளை நான் வைத்தியன் என்று சொல்லமாட்டேன்" என்றார். நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட நித்தியகல்யாணியிலிருந்து வந்த வின்கிறிஸ்டின் எத்தனை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்று எனக்குத் தெரியும். அதுவும் விஷம்தான். மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுப்பதால்தான் மருந்தாக இருக்கிறது.

மூலிகை என்ற பெயரில் மூலிகையே அல்லாததும் விற்கிறது. பேதி மருந்தோடு பொட்டாசியம் டைகுரோமேட் கலந்து கொடுத்துச் சிறுநீரகம் செயலிழந்த நோயாளிகளைப் பற்றித் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள் 1990-லேயே எழுதிவிட்டார்கள். ஆரஞ்சு நிறத்தில் பளபளக்கும் படிகம் அது. தோல் பதனிடப் பயன்படும் ரசாயனம். எந்த மரத்திலும் காய்ப்பதில்லை.

"அப்படியானால் எத்தனை பேர் செத்தார்கள், கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய ஆஸ்பத்திரிப் பதிவுகளின்படி இம்பிலா விஷத்தோடு வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் ஐந்து நாட்களுக்குள் இறந்திருக்கிறார்கள். ஆனால் அது ஆஸ்பத்திரி வரை மோசமாகி வந்தவர்களின் கணக்கு. குடித்துவிட்டு வீட்டிலேயே நன்றாக இருந்தவர்களும் அதில் இல்லை, வீட்டிலேயே இறந்து புதைக்கப்பட்டவர்களும் அதில் இல்லை. ஆப்பிரிக்காவின் பெரும் பகுதியில் பிரேதப் பரிசோதனை என்பதே அபூர்வம். பேத்தாலஜிஸ்டுகள் மிகக் குறைவு. அப்படியே செய்தாலும் பல இடங்களில் எல்லா உறுப்பையும், கெடாமல் காக்கும் திரவமான ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். இளம் டாக்டர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: சந்தேகம் இருந்தால் கொஞ்சம் சிறுநீர், கொஞ்சம் ரத்தம், ஒரு துண்டு கல்லீரல் மூன்றையும் ஃபார்மலின் படாமல் ஃப்ரீசரில் வையுங்கள். அட்ராக்டிலோசைடைத் தேடும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனைக்கு அதுதான் வேண்டும். கிழங்கு கிடைத்தால் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்ந்த செடி மாதிரிகளின் காப்பகத்துக்கு அனுப்புங்கள். செடியின் பெயரைத் தாவரவியலாளர்தான் சொல்ல வேண்டும், நாம் ஊகிக்கக் கூடாது.

இனி வீட்டில் இருப்பவர்களுக்கு. ஆப்பிரிக்காவில் வேலைக்காகக் குடும்பத்தோடு இருக்கும் நம்மவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா அன்போடு கொடுப்பார், வீட்டு வேலைக்கு வருபவர் கொடுப்பார். வாங்கி வையுங்கள், குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

கைக்குழந்தைக்கு எந்த மூலிகை எனிமாவும் வேண்டாம். வேண்டவே வேண்டாம். வாய் வழியாகப் போனால் வாந்தியாவது எடுத்து உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும். எனிமாவில் அந்த வழியும் அடைபட்டுவிடும்.

கர்ப்பிணிகளே, பிரசவம் சுலபமாகும் என்று இங்கே கொடுக்கும் இசிஹ்லம்பேசோ ஒரே ஒரு செடி இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கலவை. அதில் என்னென்ன இருக்கிறது என்று கொடுப்பவருக்கே பல சமயம் தெரியாது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எச்ஐவிக்கோ காசநோய்க்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மூலிகை எடுத்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் இந்நாட்டின் சுகாதார அமைச்சரே எச்ஐவிக்குப் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சையோடு 'ஆப்பிரிக்க உருளை' என்ற மூலிகைக் கிழங்கையும் பரிந்துரைத்தார். அந்தக் கிழங்கின் சாறு, கல்லீரலில் பல எச்ஐவி மருந்துகளைச் சிதைக்கும் என்சைமைத் தடுக்கிறது என்பதை அப்புறம் சோதனைக்கூட ஆய்வுகள் காட்டின. அந்த ஆண்டுகளில் மாத்திரை கிடைக்காமல் இறந்தவர்களின் ஸ்லைடுகள் இன்னும் எங்கள் அலமாரிகளில் இருக்கின்றன.

நாட்டு மருந்து கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தால், தூங்கித் தூங்கி விழுந்தால், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காவிட்டால், காலை வரை காத்திருக்காதீர்கள். ராத்திரி என்றாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே சர்க்கரை பார்க்கச் சொல்லுங்கள். விரலைக் குத்திப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

சக டாக்டர்களே, நர்ஸ்களே, உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். "ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்காதீர்கள், "என்ன கொடுத்தீர்கள்?" என்று கேளுங்கள். தனியாக அழைத்துக் கேளுங்கள். அந்தப் பாட்டி அன்றைக்கே பொட்டலத்தைப் பிரித்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் சர்க்கரையை மணிக்கொரு தரம் பார்த்திருப்பார்கள், சிறுநீரகத்தை முதல் நாளே கவனித்திருப்பார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரத்தோடு அனுப்பியிருப்பார்கள்.

கிளம்பும்போது அந்தப் பாட்டி கேட்டது ஒன்றுதான்: வீட்டில் இன்னும் பாதிப் பாட்டில் இருக்கிறது, அதை என்ன செய்வது? கழுவிவிடாதீர்கள், அப்படியே கொண்டு வாருங்கள் என்றேன். மறுநாள் காலை இரண்டு டாக்சி மாறி வந்து, துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து எடுத்த சாம்பிள் இப்போது சோதனைக்குப் போயிருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று நடந்துவிட்டால் பாட்டிலைக் கழுவாதீர்கள், மிச்சக் கிழங்கை எறியாதீர்கள். குழந்தையோடு அதையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள்.