பட்டியலில் வீடு எங்கே போனது?

சிறுவர் வாசிப்பு நூல் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தோம். எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித் தரும் சொல்லடைவு மென்பொருளில் எடுத்த பட்டியலோடு உடன் பணியாற்றும் தம்பி வந்தார். "சார், ‘வீட்டைச்’ ஒரே ஒரு தடவைதான் வருது. அரிய சொல், பிள்ளைகளுக்குக் கடினம். எடுத்துடலாமா?"

சிரிப்பு வந்தது. ஆனால் தவறு அவருடையதல்ல. வீட்டைக் கட்டினார், வீட்டைச் சுற்றினார், வீட்டைத் தேடினார், வீட்டைப் பார்த்தார், வீட்டை விற்றார். நமக்கு இவை எல்லாம் ஒரே வீடு. மென்பொருளுக்கோ ஐந்து சொற்கள். சந்தி எழுத்து ஒட்டினாலே அதற்குப் புதுச்சொல்தான். இதோடு வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்து, வீடுகளிலும் என்று வேற்றுமையும் பன்மையும் சேர்ந்தால் எண்ணிக்கை சிதறிப்போகும். வடிவம் அதிகம் மாறாத ஒரு, என்று, மற்றும் போன்றவை மட்டும் மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். ‘தமிழில் அதிகம் புழங்கும் சொற்கள்’ என்று சுற்றிவரும் பட்டியல்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்யலாம்? நான் பயன்படுத்துவது ஆன்ட்கான்க் (AntConc) என்ற சொல்லடைவு மென்பொருள். டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஆண்டனி உருவாக்கி இலவசமாகத் தருவது. அதில் ‘வீட’ என்று தட்டி, பின்னால் ஓர் உடுக்குறி (*) போட்டுத் தேடினால் வீடும் வரும், வீட்டிலிருந்தும் வரும். ஒருங்குறியில் (யூனிகோட்) உகரக்குறியும் புள்ளியும் ‘ட’வுக்குப் பின்னால் தனித்தனிக் குறிகளாகத்தான் பதிவாகின்றன, அதனால் இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. கூடவே வீடியோவும் வந்து நிற்கும். அதைக் கையால்தான் கழிக்க வேண்டும்.

இந்தத் தனிக்குறிகள் என்னையும் ஒருமுறை கவிழ்த்திருக்கின்றன. தொடக்க காலத்தில் நான் எடுத்த முதல் பட்டியலில் க, த, ப, ம என்று ஒற்றை எழுத்துகளே முன்னணியில் நின்றன. ‘தமிழ்’ என்ற சொல் த, ம, ழ என்று மூன்றாக உடைந்திருந்தது. எது சொல் என்று வரையறுக்கும் அமைப்பில் ‘எழுத்து’ மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கிய ‘குறி’ என்பதையும் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நாள் வேலை போயிற்று.

எண்ணிக்கை சரியாக வந்தாலும் பொருள் அதில் இருக்காது. இருபுறமும் உடுக்குறி போட்டுத் தேடி ‘படி’ நூறு தடவை வருகிறது என்றால் எந்தப் படி? பாடம் படியா, மாடிப்படியா, அரிசி அளக்கும் படியா, சட்டப்படியா? சொல்லை நடுவில் நிறுத்தி இரு பக்கமும் சூழலைக் காட்டும் தொடரடைவுப் பக்கத்தைத் திறந்து, ஐம்பது வரிகளையாவது கண்ணால் வாசிக்க வேண்டும். அப்புறம், அந்த நூறும் ஒரே கதையிலிருந்து வந்தவையா என்றும் பார்க்க வேண்டும். மாடிப்படியில் பேய் வரும் கதை ஒன்று போதும், கணக்கே தலைகீழாகிவிடும்.

இன்னொரு கண்ணி கண்ணுக்கே தெரியாது. ‘கொ’வில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் பதியலாம். திரையில் வேறுபாடு இருக்காது. பழைய எழுத்துருக்களிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது யார் பட்டியல் கொண்டுவந்தாலும், முதலில் அதில் ‘கொண்டு’ எத்தனை வரிகளில் இருக்கிறது என்று பார்க்கச் சொல்கிறேன். இரண்டு வரிகளில் இருந்தால் கோப்பை ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டு முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான். தம்பியின் பட்டியலில் இருந்தது இரண்டு.