காதில் சீழ் வடிகிறதா? முதலமைச்சர் காப்பீட்டில் ஆபரேஷன் செய்துகொள்வது எப்படி

மாதக்கணக்கில் காதில் சீழ் வருகிறது, சொட்டு மருந்து விட்டால் நிற்கிறது, சளி பிடித்தால் மறுபடி வடிகிறது. கடைசியில் ஆபரேஷன்தான் வழி என்று இ.என்.டி. டாக்டர் சொல்லிவிட்டால், தமிழ்நாட்டில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் போதும். 2018-இல் மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்துடன் இணைத்த பிறகு, ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. காது விஷயத்தில் இந்தத் திட்டம் என்றாலே காது கேளாத குழந்தைகளுக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட்தான் பேசப்படும். நடுக்காது ஆபரேஷன்களும் பட்டியலில் இருக்கின்றன.

காப்பீட்டில் பொத்தாம்பொதுவாகக் "காது ஆபரேஷன்" என்று அனுமதி தர மாட்டார்கள். எந்த ஆபரேஷன் என்று பெயர் குறித்து, ரிப்போர்ட்டுகளை இணைத்து, மருத்துவமனைதான் முன் அனுமதி கேட்கும். அதனால் உங்களுக்கு எது என்று தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

செவிப்பறையில் ஓட்டை மட்டும் என்றால் டிம்பனோபிளாஸ்டி. காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் கொஞ்சம் எடுத்து ஓட்டையை அடைப்பார்கள். உள்ளே இருக்கும் குட்டி எலும்புகள் அரித்துப்போயிருந்தால் அதையும் சரிசெய்ய முயல்வார்கள். இதில் அவசரம் இல்லை. காது காய்ந்த பிறகு நாள் குறிக்கலாம்.

கொலஸ்டியடோமா அப்படியில்லை. தோல் நடுக்காதுக்குள் வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய் இது. மருந்தில் கரையாது. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பைத் திறந்து நோயை எடுக்கும் மாஸ்டாய்டெக்டமிதான் சிகிச்சை. அதில் இரண்டு வகை. காதுக்குழாயின் பின்சுவரை அப்படியே விட்டுச் செய்தால் காதின் அமைப்பு மாறாது, ஆனால் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பின்னாளில் இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம். சுவரை எடுத்துவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. பதிலுக்கு, உள்ளே உருவாகும் குழியை அவ்வப்போது டாக்டரிடம் சுத்தம் செய்துகொள்ள வேண்டும், தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். என்னைக் கேட்டால், அடிக்கடி மருத்துவமனைக்கு வர முடியுமா என்பதை ஒளிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் வகையைத் தேர்ந்தெடுக்க அதுவும் ஒரு காரணம். இந்த ஆபரேஷனின் முதல் நோக்கம் ஆபத்தை நீக்குவது. கேட்கும் திறன் அதற்கு அடுத்ததுதான்.

சரி, காப்பீட்டு கார்டு இல்லையா? வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிவு செய்துகொள்ளலாம். இலவச எண் 1800 425 3993.

தனியார் மருத்துவமனை என்றால், திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்றும் கேளுங்கள். ஒரு மருத்துவமனை இதயத்துக்குச் சேர்ந்திருக்கும், காதுக்குச் சேர்ந்திருக்காது. அனுமதி வரும் முன்பே பணம் கட்டிவிட்டு அப்புறம் திரும்பக் கேட்கலாம் என்று நினைக்காதீர்கள். இது ரொக்கமில்லாச் சிகிச்சைத் திட்டம். வெறும் ஆலோசனை, சொட்டு மருந்துச் செலவு இதில் வராது. அதற்கும், கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியோகிராமுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வையுங்கள்.

சீழ் வடியும் காதோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, தலைசுற்றல், கடும் தலைவலி, காய்ச்சல் சேர்ந்தால் கார்டுக்காகக் காத்திருக்க வேண்டாம். நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்; காப்பீட்டுக் காகிதங்களை வீட்டில் ஒருவர் பின்னால் கொண்டுவரட்டும்.