பசிபிக்கைக் கடக்கும் புதிய விமானச் சேவை: முதலில் ஜனவரி மாதத் திரும்புப் பயணத்தைக் கணக்குப் போடுங்கள்

"இந்த இரு நகரங்களுக்கு இடையே ஆண்டுக்கு இத்தனை லட்சம் பேர் போய்வருகிறார்கள், நேரடி விமானம் இல்லை, நாம் விட்டால் நிரம்பிவிடும்." பசிபிக் பெருங்கடலைக் கடக்கும் புதிய சேவைக்கான திட்ட அறிக்கை பெரும்பாலும் இந்த வரியில்தான் தொடங்கும். பயணிகள் இருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த வழித்தடங்களில் இருக்கைகள் நிரம்பிப் பறந்தும் பணம் இழந்த நிறுவனங்கள் உண்டு. அந்த இழப்பு எங்கே தொடங்குகிறது என்று தேடினால், அமெரிக்க மேற்குக் கரையிலிருந்து ஆசியாவுக்குக் குளிர்காலத்தில் திரும்பிவரும் பயணத்தில் போய் நிற்போம். ஆண்டுச் சராசரியில் லாபம் காட்டும் வழித்தடத்தை அந்த ஒரு பயணத்தில் வைத்துச் சோதித்துவிட வேண்டும்.

வட பசிபிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் உச்சத்துக்குப் போகும். ஜப்பானுக்கு மேலே அது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. டோக்கியோவிலிருந்து சுமார் 10 மணி நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் போய்ச் சேரும் விமானம், திரும்பி வர பதினொன்றரை, பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. தென்கிழக்கு ஆசிய நகரங்களுக்கு இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரத்தையும் தாண்டும். ஜப்பானின் ஃபுகுவோகா, அமெரிக்காவின் ஓக்லாந்து விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்கள் அன்றன்றைய காற்றைப் பார்த்து பசிபிக்குக்கான வான்தடங்களை வகுத்து வெளியிடுகின்றன. விமான நிறுவனத்தில் பறக்கும் பாதையைத் திட்டமிடும் டிஸ்பேட்சர்கள் எதிர்க்காற்றைத் தவிர்க்க அலாஸ்கா பக்கமாக ஏறியோ, ஹவாய் பக்கமாக இறங்கியோ போகும்படி திட்டமிடுவார்கள். சுற்றிப் போனால் தூரம் கூடும், நேராகப் போனால் காற்று பிடித்து இழுக்கும்.

ஆகவே, திட்ட அறிக்கையில் 'ஆண்டுச் சராசரிக் காற்று' என்று இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாதவாரியாக, 85 சதவீத நாட்களுக்குச் செல்லுபடியாகும் காற்றுக் கணக்கைக் கேளுங்கள். நூற்றுக்கு 15 நாட்கள் மட்டுமே அதைவிட மோசமாக இருக்கும் என்று அதற்குப் பொருள்.

இதை ஒரு மேலோட்டமான கணக்கில் பார்ப்போம். போயிங் 787-9 விமானம் மேலெழும்பும்போது இருக்கக்கூடிய உச்ச எடை 254 டன். ஊழியர், உணவு, இருக்கைகள் எல்லாம் சேர்த்து வெற்று விமானத்தை 129 டன் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 5.4 டன் எரிபொருள், இறங்கும்போது கையிருப்பாக 7 டன். 15 மணி நேரப் பயணம் என்றால் 88 டன் எரிபொருள் வேண்டும். பயணிகளுக்கும் சரக்குக்கும் 37 டன் மிஞ்சும். பயணி ஒருவருக்குப் பெட்டியோடு 100 கிலோ என்றால், 300 பேர் போக 7 டன் சரக்கும் ஏற்றலாம். அதே பயணம் பதினாறரை மணி நேரமாக நீளட்டும். எரிபொருள் 96 டன் ஆகிறது, மிஞ்சுவது 29 டன். சரக்கு சுத்தமாகப் போயிற்று. 300 இருக்கையில் 10 இருக்கையைக் காலியாக விட வேண்டும். ஒன்றரை மணி நேர எதிர்க்காற்று 8 டன்னைத் தின்றுவிட்டது. 'கொஞ்சம் கூடுதலாக எரிபொருள் ஏற்றிக்கொள்ளலாமே' என்பது இங்கே எளிதான தீர்வு இல்லை. எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும்: ஒரு டன் கூடுதலாக ஏற்றினால், 16 மணி நேரம் கழித்து அதில் ஏறக்குறைய 600 கிலோதான் மிஞ்சும்.

சரக்கு வருமானத்தில் இன்னொரு பிழை அடிக்கடி நுழைகிறது: இரு திசைக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுவது. ஆசியாவிலிருந்து வட அமெரிக்காவுக்குப் போகும் விமானச் சரக்கு, எதிர்த் திசையைவிடப் பெரியது. நல்லவேளையாக, அந்தத் திசையில் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. திரும்பும் திசையில் செர்ரிப் பழம் போன்ற சரக்குகள் கோடையில்தான் வரும், அப்போது எதிர்க்காற்றும் குறைவு. கிழக்கு நோக்கி, மேற்கு நோக்கி, கோடை, குளிர்காலம் என்று நான்கு தனித்தனிக் கணக்குகள் போட்டால்தான் சரக்கு எவ்வளவு தாங்கும் என்பது தெரியும்.

இனி இரட்டை எஞ்சின் விமானங்களுக்கான ஈடாப்ஸ் விதி. ஒரு எஞ்சின் நின்றுபோனால் மீதி எஞ்சினோடு இத்தனை நிமிடங்களுக்குள் ஒரு விமான நிலையத்தை அடையும் தொலைவிலேயே எப்போதும் பறக்க வேண்டும். வட பசிபிக்கில் அதற்குக் கைகொடுப்பவை அலாஸ்காவின் கோல்ட் பே, அலூஷியன் தீவுகளின் ஷெம்யா, நடுக்கடலில் மிட்வே போன்ற சிறு நிலையங்கள். குளிர்காலத்தில் அலூஷியன் பக்கம் வானிலை கெட்டால் அந்த நிலையங்களை மாற்று நிலையமாகக் காட்ட முடியாது. வழி வளையும், நேரம் கூடும். நடுக்கடலில் கேபின் அழுத்தம் போய், விமானம் 10,000 அடிக்கு இறங்கிப் பறக்க நேர்ந்தாலும் மாற்று நிலையம்வரை எரிபொருள் போதுமா என்பதையும் காட்ட வேண்டும். தாழ்வாகப் பறந்தால் எரிபொருள் அதிகம் குடிக்கும் என்பதால், சில நாட்களில் மொத்த எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பதே இந்த நிபந்தனையாக இருக்கும்.

787 விமானத்துக்கு 2014-இல் 330 நிமிட ஈடாப்ஸ் அனுமதி கிடைத்தது. ஆனால் 2018 ஏப்ரலில், 787-இல் பொருத்தப்படும் ரோல்ஸ்-ராய்ஸ் டிரெண்ட் 1000 எஞ்சின்களில் ஒரு வகைக்கு, சுழல் தகடுகளில் ஏற்பட்ட கோளாறு காரணமாக, அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ அந்த வரம்பை 140 நிமிடமாகக் குறைத்தது. பசிபிக்கை நம்பியிருந்த நிறுவனங்களுக்கு ஒரே உத்தரவில் வரைபடம் மாறியது. ஒரே எஞ்சின் வகையில் இரண்டே விமானங்களை வைத்துக்கொண்டு இந்தக் கடலில் இறங்குபவர்கள், '180 நிமிட வரம்பில் பறந்தாலும் கணக்கு நிற்குமா?' என்று முன்கூட்டியே பார்த்துவிடுவது நல்லது.

எத்தனை விமானம் வேண்டும்? போக 14 மணி நேரம், திரும்ப 16, அங்கே தரையில் 2, இங்கே 3. ஒரு சுற்றுக்கு 35 மணி நேரம். வாரத்துக்கு 168 மணி நேரம்தான், ஆகவே ஒரு விமானத்தை வைத்து வாரம் 4 சேவைக்கு மேல் ஓட்ட முடியாது. தினசரிச் சேவைக்கு இரண்டு வேண்டும். அவசரத்துக்கு மூன்றாவது இல்லாவிட்டால், லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விமானம் பழுதாகி நின்ற அன்றே 290 பேருக்கு ஓட்டல் அறை, வேறு நிறுவனத்தில் டிக்கெட், அடுத்த சேவையின் ரத்து என்று மூன்று செலவும் சேர்ந்து வரும்.

விமானிகளின் எண்ணிக்கையைத்தான் எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். இவ்வளவு நீளமான பயணத்தில் மாறி மாறி உறங்கி ஓட்ட நான்கு விமானிகள் வேண்டும். தினமும் 30 மணி நேரம், ஆண்டுக்கு 10,950; நான்கால் பெருக்கினால் 43,800 விமானி-மணிகள். ஒருவருக்கு ஆண்டு வரம்பு 900 மணி நேரம் என்று கொண்டு, எல்லோரும் அதை முழுதாகத் தொட்டாலும் 49 பேர். விடுப்பு, சிமுலேட்டர் பயிற்சி, உடல்நலக் குறைவு எல்லாம் சேர்த்தால் 60-ஐ நெருங்கும். ஒரே ஒரு வழித்தடத்துக்கு!

அனுமதிகளில் முதலில் பார்க்க வேண்டியது நிறுவனத்தை அல்ல, அதன் நாட்டை. அந்த நாட்டின் விமானப் பாதுகாப்புக் கண்காணிப்பை எஃப்ஏஏ முதல் வகையில் வைத்திருக்கிறதா? இரண்டாம் வகை என்றால் அமெரிக்காவுக்குப் புதிய சேவை தொடங்க முடியாது, அமெரிக்க நிறுவனங்களும் தங்கள் சேவை எண்ணை அந்த விமானத்தில் போட்டு விற்க முடியாது. தாய்லாந்து 2015 டிசம்பரில் இரண்டாம் வகைக்கு இறங்கி, 2025 ஏப்ரலில்தான் மீண்டது. வியட்நாம் 2019 பிப்ரவரியில் முதல் வகையை அடைந்தது. வியட்நாம் ஏர்லைன்ஸ் ஹோ சி மின் நகரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு முறையான நேரடிச் சேவையை 2021 நவம்பரில் தொடங்கியது. இதற்குப் பிறகு அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் அனுமதி, எஃப்ஏஏவின் செயல்பாட்டு ஒப்புதல், பாதுகாப்புத் திட்டத்துக்கான ஒப்புதல், விபத்து நேர்ந்தால் குடும்பங்களுக்கு உதவும் திட்டம் என்று வரிசையாக வரும். இவை முடியும் முன்பே விமானத்தைக் குத்தகைக்கு எடுத்து நிறுத்திவைத்தால், பறக்காத விமானத்துக்கு மாதாமாதம் டாலரில் வாடகை கட்ட வேண்டியிருக்கும்.

டிக்கெட் விலைக்கு வருவோம். நேரடி விமானம் இல்லாத இரு நகரங்களுக்கு இடையேயும் போட்டி இருக்கிறது: டோக்கியோ, சியோல், தைபே, ஹாங்காங் வழியாக மாறிப் போகும் டிக்கெட்டுகள். எகானமிப் பயணிகளில் பலர் விலை குறைவு என்றால் ஒருமுறை விமானம் மாறத் தயங்குவதில்லை. நேரடிச் சேவைக்குக் கூடுதல் விலை தருபவர்கள் முன்பக்கக் கேபின்களில் அமர்பவர்கள். அவர்கள் வாரம் 4 நாள் மட்டும் பறக்கும் விமானத்தை நம்பி வேலையைத் திட்டமிட மாட்டார்கள். தவிர, அமெரிக்காவுக்குள் போய் இறங்கியபின் அவர்களை வேறு நகரங்களுக்குக் கொண்டுபோக ஒரு கூட்டாளி நிறுவனமும் வேண்டும்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் அனுபவத்தை இந்தத் துறைக்கு வரும் எவரும் நிதானமாகப் படிக்க வேண்டும். 2004-இல் நான்கு எஞ்சின் ஏ340-500 விமானத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடியாகப் பறந்தது. 2008-இல் அந்த விமானங்களை 100 பிசினஸ் இருக்கைகள் மட்டும் கொண்டவையாக மாற்றிப் பார்த்தது. 2013-இல் நிறுத்தியது. 2018-இல் மிக நீண்ட தூரத்துக்கென்றே செய்த இரண்டு எஞ்சின் ஏ350-900 யூஎல்ஆர் விமானத்தோடு திரும்பி வந்தது: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதாரண எகானமி கிடையாது. மொத்தம் 161 இருக்கைகள். அந்தத் தொலைவில் எடையைச் சுமக்க ஆகும் செலவைச் சாதாரண எகானமி டிக்கெட் தாங்காது என்பதை இந்த அமைப்பே காட்டுகிறது. தாய் ஏர்வேஸும் அதே ஏ340-500 விமானத்தில் பாங்காக்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்கு நேரடியாகப் பறந்து, பின்னர் சியோல் வழியாக மாற்றி, 2015-இல் கைவிட்டது.

மலிவு விலை மாதிரி எடுபடவே எடுபடாது என்று சொல்லவில்லை. ஜப்பானின் ஜிப்ஏர் 787-8 விமானத்தில் 290 இருக்கைகள் வைத்து, அவற்றில் 18-ஐ மட்டும் படுக்கையாக விரியும் இருக்கைகளாக்கி, 2021 முதல் டோக்கியோவிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பறக்கிறது. ஆனால் அந்தத் தொலைவு சுமார் 8,800 கிலோமீட்டர், அதனால் எதிர்க்காற்றிலும் எடை தாங்கும். பின்னால் ஜப்பான் ஏர்லைன்ஸ் என்ற தாய் நிறுவனம் இருக்கிறது. அதே இருக்கை எண்ணிக்கையை ஹோ சி மின்–சான் பிரான்சிஸ்கோ போன்ற 12,600 கிலோமீட்டர் தடத்துக்கோ, சிங்கப்பூர்–லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற 14,000 கிலோமீட்டர் தடத்துக்கோ அப்படியே எடுத்துப்போனால், மேலே போட்ட எடைக் கணக்கு அனுமதிக்காது.

தொடக்கத் தேதியும் முக்கியம். மார்ச் கடைசி ஞாயிறன்று தொடங்கும் கோடை அட்டவணையில் முதல் விமானத்தை விட்டால், ஊழியர்களுக்கு ஏழு மாதப் பழக்கம் கிடைத்தபின் குளிர்காலம் வரும். அக்டோபர் கடைசியில் தொடங்கினால் முதல் மாதங்களே எதிர்க்காற்றில் போகும்.

கடைசியாக, குளிர்காலத்தில் மிகக் கவனமாகத் திட்டமிட வேண்டிய சில வாரங்கள் உண்டு. அமெரிக்காவில் வாழும் ஆசியக் குடும்பங்கள் டிசம்பர் மத்தியிலும் சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய நாட்களிலும் ஊருக்குக் கிளம்புவார்கள். டிக்கெட் நல்ல விலைக்குப் போகும் நேரம் அது, அவர்கள் வருவது மேற்கு நோக்கி, காற்றும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். ஆகவே அந்த வாரங்களுக்கு எல்லா இருக்கைகளையும் விற்பனைக்குத் திறக்காமல், எடைக் கணக்கு அனுமதிக்கும் எண்ணிக்கையை மட்டும் முதலிலேயே திறக்க வேண்டும். சரக்கு ஒப்பந்தங்களில் மேற்கு நோக்கிய இடத்துக்கு உறுதி கொடுக்கக் கூடாது. பெரிய பராமரிப்புச் சோதனைக்கு விமானத்தை அனுப்புவதும், வாரச் சேவையில் ஒன்றிரண்டைக் குறைப்பதும் சந்திரப் புத்தாண்டுக் கூட்டம் வடிந்த மறுவாரத்திலிருந்து வைத்துக்கொள்ளலாம்.