பொத்தானில் இருப்பது துளை, சட்டையில் இருப்பது காஜா

"பொத்தான் துளையில் நூலைக் கோர்த்து நான்கு முறை தைக்கவும். பின்பு பொத்தான் துளையில் பொத்தானை நுழைத்துச் சரிபார்க்கவும்." தையல் வழிகாட்டிகளிலும் இயந்திரக் கையேடுகளிலும் இந்த மாதிரித் தமிழ் இப்போது சாதாரணமாகிவிட்டது. முதல் வரியில் வரும் துளை பொத்தானின் நடுவே இருப்பது. அதன் அகலம் 2 மில்லிமீட்டர்கூட இராது. இரண்டாம் வரியில் வருவதோ சட்டைத் துணியில் 14 மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டி ஓரம் கட்டிய பிளவு. ஒன்று ஊசி போகும் வழி, மற்றது பொத்தான் போகும் வழி. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிட்டுப் படிப்பவர் தானாகப் புரிந்துகொள்வார் என்று விட்டால், முதன்முதலாக ஊசியைக் கையில் எடுப்பவர் என்ன செய்வார்? இரண்டாவதற்குத் தையல்காரர்கள் எல்லாரும் அறிந்த பெயர் ஒன்று இருக்கிறது: காஜா.

சொற்களின் பிறப்பை முதலில் சொல்லிவிடலாம். பொத்தான் என்பது போர்த்துக்கேயரின் 'பொத்தாவ்ங்'. அம்மொழியில் பூமொட்டுக்கும் அதுவே பெயர். மூக்கொலியில் முடியும் அவர்களுடைய சொற்கள் தமிழில் 'ஆன்', 'ஆண்' என்று முடிவது வழக்கம். ரொட்டிக்கான அவர்களுடைய சொல் பாண் ஆனதும், கப்பல் தலைவன் கப்பித்தான் ஆனதும் அப்படித்தான். பித்தான் என்ற வடிவமும் உண்டு. பட்டன் பின்னால் ஆங்கில வழி வந்தது. 'பொத்துதல் என்றால் மூடுதல், தைத்தல்; ஆகவே பொத்தான் தூய தமிழ்' என்று சிலர் நிறுவப் பார்க்கிறார்கள். வாயைப் பொத்து என்பதில் உள்ள வினை தமிழ்தான், ஐயமில்லை. ஆனால் அந்த வினையிலிருந்து கருவிப் பெயர் பிறந்திருந்தால் மூடி, மாட்டி, பூட்டு என்பவை போலப் பொத்தி என்றோ வேறு விதமாகவோ வந்திருக்கும். பித்தான் என்ற வடிவத்துக்கும் அந்த விளக்கத்தில் இடமில்லை. ஒலி ஒத்துப்போனது தற்செயல். அந்தத் தற்செயலால் சொல் தமிழ்க் காதுக்கு இதமாக அமர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

காஜாவின் கதையும் அங்கேயே போய்ச் சேருகிறது. போர்த்துக்கேய மொழியில் 'காசா' என்றால் வீடு. பொத்தான் நுழைந்து தங்கும் பிளவையும் அவர்கள் காசா என்றே சொல்கிறார்கள். இந்தியில் காஜ், தமிழில் காஜா. மேசை, ஜன்னல், சாவி, அலமாரி ஆகியவற்றைக் கொடுத்த அதே மொழிதான் பொத்தானையும் அதன் வீட்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறது. காஜாவை 'இந்திச் சொல்' என்று ஒதுக்கிப் பொத்தானைத் தமிழ்ச் சொல் என்று வைத்துக்கொள்பவர்கள், ஒரே பெட்டியில் வந்த இரண்டு பொருள்களில் ஒன்றை மட்டும் திருப்பி அனுப்புகிறார்கள்.

இனி 'துளை'க்கு வருவோம். துளைத்தால் வருவது துளை. புல்லாங்குழலில் இருப்பது துளை, மூக்குத்திக்காகக் குத்துவது துளை. அதற்கு விட்டம் உண்டு, திசை கிடையாது. திறப்பதும் மூடுவதும் கிடையாது. காஜாவில் எதுவும் துளைக்கப்படுவதில்லை. சாதாரண சட்டைக் காஜாவில் துணியிலிருந்து ஒரு துணுக்குக்கூட வெளியே எடுக்கப்படுவதில்லை. நேர்க்கோட்டில் ஒரு வெட்டு, இருபுறமும் நெருக்கமான தையல், இரு முனையிலும் குறுக்குக் கட்டு, இவ்வளவுதான் காஜா. பொத்தான் நுழையும்போது விரியும், நுழைந்ததும் சேர்ந்துகொள்ளும். அப்படிச் சேர்ந்துகொள்வதால்தான் பொத்தான் தங்குகிறது. துணியில் துளை என்றால் தமிழருக்கு முதலில் நினைவு வருவது பூச்சி அரித்ததும் நெருப்புப் பொறி பட்டதும்தான். "சட்டையில் துளை" என்றால் சட்டை போயிற்று என்று பொருள்.

சொல் பிழைத்தால் அளவும் பிழைக்கிறது. துளை என்று கேட்டவர் பொத்தானின் விட்டத்தை அளந்து அதே நீளத்துக்கு வெட்டிவிடுகிறார், பொத்தான் நுழைவதில்லை. காஜாவின் நீளம் விட்டமும் தடிமனும் சேர்ந்தது. பொத்தான் அளவு 'லைன்' கணக்கில் வரும், 40 லைன் ஓர் அங்குலம். சட்டை முன்புறத்துக்கு வழக்கமான 18 லைன் பொத்தான் ஏறக்குறைய 11.5 மில்லிமீட்டர். தடிமன் 2.5 என்றால் காஜா 14. காலர் நுனிக்குப் போடும் 14 லைன் பொத்தான் 9 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோட்டு முன்புறத்தின் 32 லைன் 20 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உருண்டைப் பொத்தானுக்கு இந்தக் கூட்டல் பொருந்தாது. ஒரு காகிதப் பட்டையைப் பொத்தானைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, அந்தச் சுற்றளவில் பாதியை எடுக்க வேண்டும்.

பொத்தான் எதனால் செய்யப்பட்டது என்பதும் இங்கேதான் முக்கியமாகிறது. ஒரே 15 மில்லிமீட்டர் விட்டத்தில் சிப்பிப் பொத்தான் 2.5 மில்லிமீட்டர் தடிமன், கொட்டாங்கச்சிப் பொத்தான் 4 மில்லிமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கு 17.5, இரண்டாவதற்கு 19. சட்டையை முடித்துவிட்டு அழகுக்காகப் பொத்தானை மாற்றினால் சிக்குவது இதனால்தான். சிப்பி தொட்டால் குளிர்ந்திருக்கும், பின்பக்கம் பெரும்பாலும் சீராக இராது. ஓரம் சில்லுப் போனால் அது காஜாவின் தையலை நாள்தோறும் அறுக்கும். மரமும் தாவரத் தந்தம் என்னும் பனை வகைக் கொட்டையும் தண்ணீரை உறிஞ்சி உப்பும், ஊறவைத்துத் துவைக்கும் துணிக்கு ஆகாது. பாலின் புரதத்திலிருந்து செய்த கேசீன் பொத்தானுக்கும் அதே குறை. இன்று சட்டைகளில் மிகுதியாக இருப்பது பாலியெஸ்டர், தண்ணீரைப் பொருட்படுத்தாது. உலோகப் பொத்தானில் பார்க்க வேண்டியது நூல் போகும் துளையின் விளிம்பு. அது மழமழப்பாக இல்லாவிட்டால் எவ்வளவு வலுவான நூலும் சில மாதங்களில் அறும். (சிப்பியின் உள்பளபளப்பை 'முத்தின் தாய்' என்று மொழிபெயர்ப்பதையும் இந்த இடத்திலேயே கண்டித்துவிடுகிறேன். சிப்பி என்ற சொல் நம் வாயில் இருக்கும்போது முத்துக்கு எதற்குத் தாய்?)

திசைக்கும் துளை என்ற சொல்லில் இடமில்லை. "கிடைமட்டப் பொத்தான் துளை" என்று எழுதுகிறார்கள். வட்டமான ஒன்று எப்படிக் கிடக்கும், எப்படி நிற்கும்? கிடைக்காஜா, நெடுக்குக் காஜா என்றால் ஒரு நொடியில் விளங்கும். கிடைக்காஜாவில் இழுவிசை வெட்டின் நீளவாக்கில் போகிறது. பொத்தான் வெளி முனையில் போய் முட்டி நின்றுவிடும், கழலாது. அதனால்தான் மணிக்கட்டுப் பட்டியிலும் கழுத்துப் பட்டியிலும் கோட்டிலும் கிடைக்காஜா. அது முன்நடுக் கோட்டிலிருந்து (ஆடையின் முன்புறத்தில் நடுவே மேலிருந்து கீழாகப் போகும் கோடு) துணியின் ஓரம் நோக்கி 3 மில்லிமீட்டர் தள்ளித் தொடங்க வேண்டும், சரியாகக் கோட்டிலேயே தொடங்கினால் மாட்டிய பின் மேல்பக்கத் துணி அந்த 3 மில்லிமீட்டர் நகர்ந்து நிற்கும். நெடுக்குக் காஜா அந்தக் கோட்டின் மீதே அமரும். சட்டையின் முன்பட்டி குறுகல், அங்கே இழுப்பும் குறைவு, ஆகவே நெடுக்கு. பொத்தான் மேலேயோ கீழேயோ சற்று நகர்ந்து தைக்கப்பட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும். இறுக்கமான உடையில் நெடுக்காகப் போட்டால் நெஞ்சுப் பகுதியில் பிளந்து நிற்கும்.

பொத்தான் ஆடையைப் பிடிக்கும் கருவியானதே காஜாவால்தான். மொகஞ்சதாரோவில் சிப்பியால் செய்த பொத்தான்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை அணிகலனாகத் துணியில் கோர்க்கப்பட்டவை என்றே கருதப்படுகின்றன. ஓரம் கட்டிய பிளவும் அதில் நுழையும் பொத்தானும் இணைந்த ஏற்பாடு ஐரோப்பாவில் 13ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. உடம்போடு ஒட்டிய உடைகள் பெருகியதும் அப்போதுதான். அப்படிப்பட்ட உறுப்புக்குத் தனிப் பெயர் வேண்டாம், பொத்தானின் பெயரோடு ஒரு துளையை ஒட்டினால் போதும் என்பது என்ன நியாயம்?

தூய தமிழ் வேண்டும் என்பவர்கள் முன்வைக்கும் சொற்களையும் பார்த்துவிடுவோம். பொத்தானுக்குக் 'குமிழ்' என்கிறார்கள். குமிழ் என்றால் புடைத்து உருண்டு நிற்பது. மிதியடியில் கால்விரல் பற்றும் குமிழ், கதவில் கை பற்றும் குமிழ் எல்லாம் பொருத்தம். உருண்டைப் பொத்தானுக்கும் அது பொருந்தும். தட்டையான, நான்கு துளை போட்ட வில்லைக்கு எப்படிப் பொருந்தும்? இன்னும் மோசம், வானொலியில் திருகுவதற்கும் குமிழ் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஈழத்தில் வழங்கும் 'தெறி' இதைவிட எவ்வளவோ மேல். மக்கள் வாயில் இருப்பது, சுருக்கமானது, 'தெறி பூட்டு' என்று வினையோடு இயல்பாகச் சேர்வது. புதுச்சொல் தேடுபவர்கள் ஏன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. பொத்தானை மாற்றியே தீர வேண்டும் என்றால் என் வாக்கு தெறிக்குத்தான். மாற்ற வேண்டிய தேவை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

காஜாவுக்குப் 'பொத்தான் கண்' என்றும் ஒரு பரிந்துரை உண்டு. வலைக்கண், சல்லடைக்கண் என்று தமிழில் கண் திறப்பைக் குறிப்பது உண்மை. ஆனால் அவை ஒரே பொருளில் பலவாக இருக்கும் சிறு திறப்புகள். அந்த வகையில் பார்த்தால் பொத்தானில் இருக்கும் இரண்டோ நான்கோ துளைகளுக்குத்தான் கண் என்பது பொருந்தும். இருகண் பொத்தான், நாற்கண் பொத்தான் என்று தாராளமாகச் சொல்லலாம். பிளவுக்கும் கண் என்றால் பழைய குழப்பம் புதுப் பெயரில் திரும்பி வரும்.

காஜா பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது 'பொத்தான்வாய்'. பைக்கு வாய் உண்டு, உறைக்கு வாய் உண்டு, புண்ணுக்கும் வாய் உண்டு. திறந்து மூடும், நீளம் உள்ள, விளிம்பு உள்ள பிளவுக்குத் தமிழ் வைத்த பெயர் வாய். அந்தப் பெயரை வைத்ததும் மற்ற உறுப்புகளுக்கும் பெயர் தானாகக் கிடைக்கிறது. வெட்டின் இருபுறமும் தைத்த வரிசை உதடு. முனையின் குறுக்குக் கட்டு கடைவாய்க் கட்டு. காஜாவில் என்னென்ன கெடும் என்பதையும் இந்தப் பெயர்களிலேயே சொல்லிவிடலாம். உள்ளே விறைப்புக்கு வைக்கும் கேன்வாஸ் துணி இல்லாமல் மெல்லிய துணியில் தைத்தால் உதடு அலையலையாகச் சுருங்கும். தையல் அடர்த்தி குறைந்தால் உதட்டில் பிசிறு எழும்பும். இரு உதடுகளுக்கும் இடையே அரை மில்லிமீட்டராவது வெற்றிடம் இல்லாவிட்டால் கத்தி தையலையே வெட்டிவிடும். கடைவாய்க் கட்டு பலவீனமானால் பொத்தான் இழுக்கும் ஒவ்வொரு முறையும் வாய் நீண்டு, கடைசியில் பொத்தான் தானே கழன்று வரும். இயந்திரத்தில் முதலில் தைத்துப் பின்பு வெட்டும்போது, இரு கடைவாயிலும் குண்டூசி ஒன்றைக் குறுக்கே குத்திவைத்தால் கத்தி கட்டைத் தாண்டி ஓடாது. கையால் காஜா எடுப்பவர் முறையே வேறு: முதலில் வெட்டு, பிறகு உதடு.

நூல் துளைக்கு வருகிறேன், அதுவும் தனி வேலை. இரட்டை நூலால் ஒவ்வொரு சோடித் துளையிலும் நான்கு முதல் ஆறு முறை போதும். ஆனால் பொத்தானைத் துணியோடு அழுத்தித் தைத்தால் காஜாப் பக்கத் துணிக்கு இடமிராது, மாட்டியதும் சுற்றிலும் சுருங்கும். பொத்தான் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதன் மீது தைத்து, குச்சியை உருவி, பொத்தானைத் தூக்கி, அடியில் நூலை மூன்று நான்கு சுற்று சுற்றி முடிந்தால் ஒரு சிறு காம்பு கிடைக்கும். சட்டைக்கு 1 முதல் 2 மில்லிமீட்டர், கோட்டுக்கு 3 முதல் 5. கோட்டுக் காஜாவின் வெளி முனை சாவித்துவாரம் போல உருண்டிருப்பது அந்தக் காம்பு உட்கார்வதற்காக. புதுச் சட்டையில் பொத்தான் சீக்கிரம் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒற்றை நூல் சங்கிலித் தையல். தொங்கும் நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்து வந்துவிடும். உடுத்தும் முன்பே கையால் இரண்டு தையல் போட்டு முடிந்துகொள்வது நல்லது.

'பொத்தான் துளை' இன்னும் எங்கெங்கே கவிழ்கிறது பாருங்கள். அடியில் வளையம் வைத்த பொத்தானுக்கு முகத்தில் துளையே கிடையாது, ஆனால் காஜா வேண்டும். அமுக்கி மூடும் பிரஸ் பட்டனைத் துளை வழியாகவே தைக்கிறோம், ஆனால் அதற்குக் காஜா கிடையாது. ஜீன்ஸ் இடுப்பில் ஆணி அடித்து இறக்கும் உலோகப் பொத்தானுக்கு நூலும் இல்லை, துளையும் இல்லை, காஜா மட்டும் உண்டு. துளை, காஜா என்று இரண்டு சொல் கையில் இருந்தால் இந்த மூன்று வகையையும் மூன்று வரியில் சொல்லி முடிக்கலாம். மொழிபெயர்ப்பவர் ஒரு பழைய சட்டையைக் கையில் எடுத்து ஒரு முறை பொத்தானைக் கழற்றிப் போட்டுப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும். அகராதியை மட்டும் பார்த்தவர்கள்தான் "பொத்தான்களை மூடவும்", "பொத்தானை அழுத்தி அணியவும்" என்றெல்லாம் எழுதுகிறார்கள். சட்டைப் பொத்தானைப் போடுவோம், மாட்டுவோம், பூட்டுவோம், கழற்றுவோம். அது அறும், தெறிக்கும். அழுத்துவது மின்தூக்கியின் பொத்தானை.

இந்தத் தவறு கடைசியாகப் போய் நிற்கும் இடம் பூத்தையல். ஓரம் கட்டவும் பூவிதழ் நிரப்பவும் போடும் காஜா தையலைப் 'பொத்தான் துளைத் தையல்' என்று மாற்றி எழுதத் தொடங்கிவிட்டார்கள். அதைப் படித்தவர் பொத்தானின் துளைகளுக்குள் ஊசி விடும் தையல் என்றே எடுத்துக்கொள்வார். துணியின் ஓரத்தில் ஊசியைக் குத்தி, நூலை ஊசி முனையின் கீழ் சுற்றி இழுத்து, விளிம்பில் முடிச்சு வரிசையாக அமரும்படி போடுவது அது. அங்கே பொத்தானும் இல்லை, துளையும் இல்லை. காஜாவின் உதட்டைக் கட்டும் தையல் என்பதால் காஜா தையல்.