அது பக்குவம் அல்ல

விடுப்பில் வந்திருந்த மகனைத் தாய் அழைத்து வந்தார். இருபத்து நான்கு வயது. தூக்கம் இல்லை என்பது மட்டும்தான் குறையாம். "முன்னெல்லாம் வாயாடி, டாக்டர். பட்டாளத்துக்குப் போன பிறகு பக்குவம் வந்துவிட்டது. அதிர்ந்து ஒரு பேச்சு கிடையாது" என்றார் பெருமையாக. அப்போது வெளியே யாரோ இரும்பு நாற்காலியைத் தரையில் இழுத்தார்கள். அடுத்த நொடி அந்த இளைஞர் சுவரோடு முதுகை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். கண் கதவை விட்டு அகலவில்லை. கைப்பையில் பழைய மருந்துச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்த தாய் இதைக் கவனிக்கவே இல்லை.

சென்னையில் பல ஆண்டுகளாக மனநல மருத்துவம் பார்க்கிறேன். இந்தப் 'பக்குவம்' என்ற சொல்லை எத்தனை குடும்பங்களிடம்தான் கேட்பது! பக்குவப்பட்டவர் சிரிப்பார், அழுவார், இடம் அறிந்து கோபப்படுவார். பயத்தையும் துக்கத்தையும் உள்ளே விடாமல் அடைத்துக்கொண்ட மனத்துக்குள் பாசமும் நுழைய முடிவதில்லை. பெற்ற குழந்தையைத் தூக்காமல் தள்ளி நின்று பார்ப்பதை நிதானம் என்கிறீர்கள். கல்யாண வீட்டில் வாசலைப் பார்த்த மூலை நாற்காலியாகத் தேடி உட்கார்வதை அடக்கம் என்கிறீர்கள்.

போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் வரும் இந்த மனநோய்க்கு எங்கள் துறை பி.டி.எஸ்.டி. (PTSD) என்ற இன்றைய பெயரை வைத்ததே 1980இல்தான். எழுத்தாளர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்ட ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க், 1929இல் நூலாக வந்த 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' நாவலில், ஆசிரியரின் பேச்சைக் கேட்டு வகுப்பறையிலிருந்து போர்முனைக்குப் போன ஒருவனைக் காட்டுகிறார். விடுப்பில் வீடு திரும்பியவன், தான் ஆசையாக வாங்கி அடுக்கிய புத்தகங்களை எடுத்து எடுத்துப் புரட்டுகிறான். எதுவும் மனத்தில் ஒட்டவில்லை. அப்பாவோ போர்க்கதை சொல்லச் சொல்லி விடாமல் கேட்கிறார். இயக்குநர் எலெம் கிளிமோவின் 1985ஆம் ஆண்டு சோவியத் போர்ப்படம் 'கம் அண்ட் சீ'யில், மணலைத் தோண்டித் துப்பாக்கி எடுக்கும் சிறுவனின் முகம் படம் முடிவதற்குள் கிழவன் முகமாகிவிடுகிறது.

நம்மிடமும் உண்டு. புறநானூற்றின் 77ஆம் பாட்டில் வரும் பாண்டியன் நெடுஞ்செழியன், குழந்தைச் சலங்கையான கிண்கிணி கழற்றிய காலில் வீரக்கழல் பூண்டிருக்கிறான். சிறுவர் கழுத்தில் காப்பாகக் கட்டும் ஐம்படைத் தாலியை இன்னும் கழற்றவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டதே அன்றுதான். பகைவரைக் கொன்ற பின் அவன் மகிழவும் இல்லை, செருக்கவும் இல்லை. புலவர் இடைக்குன்றூர் கிழார் அதைப் பெருமையாகவே பாடினார். பள்ளியில் நானும் அப்படித்தான் படித்தேன். இப்போது அந்தக் கடைசி வரியைத் தாண்ட முடிவதில்லை.

பட்டாளத்திலிருந்து வீடு வந்தவரிடம் "எத்தனை பேரைச் சுட்டாய்?" என்று கேட்காதீர்கள். சித்தப்பாவையும் மாடிவீட்டுக்காரரையும் கேட்க விடாதீர்கள். வந்த அன்றே போர்ப்படம் போட்டுக் கூடத்தில் உட்கார வைக்காதீர்கள். தீபாவளிக்கு வெடி வைக்கும் முன் அவரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் அலறினால் தோளைப் பிடித்து உலுக்கக் கூடாது. கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குடி கூடுகிறதா என்று பாருங்கள். கேண்டீன் ரம் கேட்டு நச்சரிக்கும் உறவினர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவரிடம் வாருங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றைக்கே வாருங்கள். 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். என்றாவது நள்ளிரவில் அவர் தானாகவே பேசத் தொடங்கலாம். "காலையில் பேசிக்கொள்ளலாம், படு" என்று சொல்லிவிடாதீர்கள். விளக்கைப் போட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.