பூண்டு ஏன் ஒற்றை உருண்டையாகவே நின்றுவிடுகிறது?

மாசி பிறந்தால் தர்மபுரிப் பக்கத்திலிருந்து எனக்கு இந்தப் போன் தவறாமல் வரும். "சார், பூண்டு நல்லாத்தான் வளர்ந்தது. பிடுங்கிப் பார்த்தா சின்ன வெங்காயம் மாதிரி ஒத்தை உருண்டையா இருக்கு. விதை சரியில்லையா?"

தோட்டக்கலை ஆலோசனையில் இருக்கும் எனக்கு இது பழகிப்போன கேள்வி. உரம் பத்தவில்லை என்று நினைத்து யூரியாவை அள்ளிப் போட்டவர்களும் உண்டு. அவர்களுக்குத் தாள் மட்டும் தளதளவென்று நிற்கும்.

குறை பெரும்பாலும் குளிரில்தான். பூண்டுக்குச் சில வாரங்கள் நல்ல குளிர் பட வேண்டும். அப்புறம் பகல் நீண்டு வெயில் ஏறும்போதுதான் கிழங்கு திரண்டு பல் பிரியும். ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் தளியிலும் மார்கழிப் பனி பாதி வேலையைப் பார்த்துவிடும். தர்மபுரி அந்த உயரத்தில் பாதிதான். அங்கே குளிரை நாம்தான் கொடுக்க வேண்டும்.

எப்படி? பிரிட்ஜ் இருக்கிறதே. புரட்டாசியில் முழுப் பூண்டைக் காகிதப் பையில் சுற்றி, ஈரம் படாமல், காய்கறித் தட்டில் ஐந்தாறு வாரம் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். ஐப்பசிக் கடைசியில் எடுத்து, நடும் அன்றைக்கே பல்லாகப் பிரியுங்கள். பெரிய பல்லை மட்டும், தோலை உரிக்காமல், கூர்முனை மேலே பார்க்க ஓர் அங்குல ஆழத்தில் நடவேண்டும். பல்லுக்குப் பல் நான்கு அங்குலம் இடைவெளி போதும். கொடைக்கானல் மலைப்பூண்டை வாங்கி வந்து நடாதீர்கள். அது மலைக்குப் பழகியது, இங்கே ஏமாற்றிவிடும்.

மாடியில் செடிப் பையில் வளர்ப்பவர்களுக்கு: மண் பொலபொலவென்று இருக்கட்டும். செம்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் மணலும் கலந்தால் சரி. நட்ட சமயத்தில் வடகிழக்கு மழை பிடித்தால் பையில் தண்ணீர் தேங்கிப் பல் அழுகிவிடும், அடியில் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இலையில் வெள்ளி நிறக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து மாலையில் தெளியுங்கள்.

நான்கு மாதத்தில் தாள் பழுத்துச் சாயும். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். பிடுங்கியதும் தாளோடு நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் பல் வெந்துபோகும்.

என்னைக் கேட்டால், தர்மபுரி மாடியில் கிழங்கைவிடத் தாளுக்காகவே பூண்டு வளர்க்கலாம். நட்ட ஐந்தாறு வாரத்தில் ஒன்றிரண்டு இலையாகக் கிள்ளலாம். அதை வதக்கித் துவையல் அரைத்து, சூடான ராகிக் களிக்குத் தொட்டுப் பாருங்கள். கிள்ளிய செடியில் கிழங்கு சிறுக்கும் என்பதால் தாளுக்குத் தனிப் பை வைப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் ஒற்றை உருண்டைதான் வந்ததா? தூக்கிப் போடாதீர்கள். குழம்புக்குப் போக மீதியை எடுத்து வைத்து, அடுத்த புரட்டாசியில் அதையே பிரிட்ஜில் ஏற்றுங்கள். உருண்டையை நட்டால் அது பல் பிரிய வாய்ப்பு அதிகம்.